ஒத்துவராது என்று சொல்லிவிடுங்கள்

மார்ச் 4, புதன்

நீதிமன்றத்தில் இன்று ஒரு பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன், தம்பி, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரை யார் பூசுவது, யார் ஆணி அடிப்பது என்று பதினொரு பக்கம். மொழிபெயர்ப்பாளன் நாற்காலியில் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாக இப்படிப்பட்ட சுவர்களைத்தான் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு பக்கிரியிடம் உட்கார்ந்தேன். அவர் பாடல்களோடு பதினோரு வருடக் குடித்தனம். பெயர் தெரியாத சூஃபி. கையெழுத்துப் பிரதி ஒன்று யார் யாரிடமோ கைமாறி, கடைசியில் ஒரு பதிப்பாளரிடம் வந்து, அவர் அதை மொழிபெயர்த்து உரை எழுதச் சொல்லி என் தலையில் கட்டினார். இந்த வருடம் எப்படியும் புத்தகமாகிவிடும். இன்றைக்கு நாற்பத்தேழாவது பாட்டு:

"அக்கரைக்குப் போகக் கூலியாக என் உயிரைக் கொண்டுவந்தேன்.
ஓடக்காரன் சொன்னான்: அதைக் கரையில் போடு, அங்கே குவிந்து கிடக்கிறது.
மடியில் ஒளித்து வைத்திருக்கிறாயே, அதை எடு."

மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "மடியில அப்படி என்னத்ததான் வச்சிருந்தாராம்?"

"அதைச் சொல்லிட்டா அது பாட்டு இல்ல, பத்திரம்" என்றேன். சிரித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. நாள் முழுக்க விசில் ஊதிவிட்டு வந்து என்னைக் கிண்டல் செய்வதுதான் அவளுக்கு ஓய்வு. இன்று மட்டும் சீக்கிரம் போய்ப் படுத்துக்கொண்டாள். ஷூ இறுக்குகிறதாம். புதுசு வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஷூ இறுக்கவில்லை. கால் வீங்கியிருக்கிறது.

மைதானத்தில் மயங்கி விழுந்தாள் என்று பள்ளியிலிருந்து போன். நான் போய்ச் சேர்வதற்குள் ஊசி, ரத்தம், ஸ்கேன் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் ஒரு தாளில் இரண்டு அவரைக் கொட்டை போல வரைந்து, இரண்டின் மேலும் பேனாவால் கோடு போட்டார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாம். பல வருடமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததாம். வலிக்காதாம், சொல்லாதாம்.

பக்கத்தில்தானே படுத்திருந்தேன்? ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

அவள் டாக்டரிடம் கேட்டாள்: "எத்தனை நாள் லீவு போடணும் டாக்டர்? அடுத்த வாரம் ஓட்டப் பந்தயம் இருக்கு." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். நீளமான கூடம், பன்னிரண்டு சாய்வு நாற்காலி, பன்னிரண்டு இயந்திரம். அவள் கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். அவள் ரத்தம் ஒரு குழாயில் வெளியே வருகிறது, இன்னொரு குழாயில் உள்ளே போகிறது. தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

"என்னங்க, பயமா?" என்றாள்.

"சேச்சே."

ஏப்ரல் 20, திங்கள்

டாக்டர் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான், மனைவி, மகள், மாப்பிள்ளை. மாற்றுச் சிறுநீரகம்தான் நல்ல வழி, வீட்டிலேயே யாராவது கொடுக்க முடியுமா என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கவில்லை. "நான் கொடுக்கிறேன்" என்று எழுந்து நின்றுவிட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். "உயிரே கரையில் கிடக்கு டாக்டர், இது ஒரு சிறுநீரகம்தானே" என்று பக்கிரியை வேறு இழுத்தேன். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மனைவி அழுதாள். முப்பது வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது இரண்டு தடவையோ மூன்று தடவையோ. எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் எழுதி என்ன பயன், ரொம்பப் பெருமையாகவே இருந்தது.

பதிப்பாளரிடம் போனில் சொன்னேன். எதற்குச் சொன்னேன்? மனிதர் தழுதழுத்துப் போனார். "சார், சூஃபிகள் பாடினதை நீங்க செய்து காட்டறீங்க. இதை முன்னுரையில போட்டே ஆகணும்" என்றார். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

மே 5, செவ்வாய்

ரத்த வகை பொருந்துகிறது. மற்றப் பொருத்தமும் நன்றாக இருக்கிறதாம். "கணவன் மனைவிக்குள்ள இவ்வளவு பொருந்தறது அபூர்வம்" என்று ஆய்வகத்துப் பெண் வாழ்த்துச் சொல்வதுபோல் சொன்னாள்.



பொருந்தாது என்று வந்துவிடும் என நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு வாரமாக. எனக்கே தெரியாமல். அந்தப் பெண் வாயைத் திறந்தபோது, ஐயோ பொருந்திடக் கூடாதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. இதை எழுதுவது நானா? என் கையெழுத்துதான்.

மே 8, வெள்ளி

குளியலறைக் கண்ணாடியில் இடது விலாவுக்குக் கீழே பார்த்தேன். மருத்துவமனையில் கொடுத்த சிறு புத்தகத்தில் எங்கே வெட்டுவார்கள் என்று படம் போட்டிருக்கிறது. சோப்பால் கோடு போட்டுப் பார்த்தேன். அழித்துவிட்டேன்.

காரணம் தேடிப் பார்க்கிறேன். சின்ன வயதில் ஏதாவது நடந்ததா, ஆஸ்பத்திரியில் யாரையாவது பறிகொடுத்தேனா? ஒன்றுமில்லை. எனக்குக் கத்தி பயம். அவ்வளவுதான். ஐம்பத்தேழு வயது ஆள், பக்கிரியின் பாட்டைச் சொல்லிக் காதலுக்காகத் தலையைக் கொடுப்பதைப் பற்றி மேடை மேடையாக வாய் கிழியப் பேசியவன், ஊசி குத்தும்போது இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மே 12, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தானம் கொடுப்பவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது அந்த மருத்துவமனையில் கட்டாயம். சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேஜை விசிறி. ஆலோசகர் அம்மாள் என் வயதுக்காரர். கதவைச் சாத்தினார். மனைவியும் மகளும் வெளியே பெஞ்சில்.

"சார், இங்க நீங்க சொல்றது இந்தக் கதவைத் தாண்டாது. உங்களுக்கு மனசில்லைன்னா என்கிட்ட சொல்லலாம். உங்க உடம்பு ஒத்துவராதுன்னு வீட்டுல சொல்லிடுவோம். காரணம் கேட்டா சொல்ல மாட்டோம். யாருக்கும் தெரியாது. எல்லார்கிட்டயும் இதைச் சொல்றதுதான், உங்களைச் சந்தேகப்பட்டு இல்ல."

சிரித்துவிட்டு, அதெல்லாம் தேவையில்லை அம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"அப்படி யாராவது சொல்றாங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க நினைக்கறதைவிட அதிகம் பேர்."

விசிறி இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பக்கம் போயிற்று. பிறகு என் குரல் கேட்டது. நீதிமன்றத்தில் வாசிப்பேனே, அதே சுத்தமான எழுத்துத் தமிழில்: "ஒத்துவராது என்று சொல்லிவிடுங்கள்."

அந்த அம்மாளின் முகம்கூட மாறவில்லை. தாளில் ஏதோ எழுதினார். நான் நன்றி சொன்னேன். நன்றி சொன்னேன்!

கதவைத் திறந்ததும் மனைவி தலை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தேன். சிரிப்பு எங்கிருந்துதான் வந்ததோ.

மே 15, வெள்ளி

டாக்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "சாருக்கு ஒத்துவராதும்மா. வேற யாரையாவது பார்ப்போம்." ஒரு வார்த்தை கூடுதலாகவோ குறைவாகவோ இல்லை. அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் குடிக்கக்கூடாத தண்ணீர். ஒரு நாளைக்கு அவளுக்கு அளந்து மூன்று டம்ளர்தான். எனக்கு ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க ஏங்க இடிஞ்சு போறீங்க? உங்க மேல என்ன தப்பு? கொடுக்கறேன்னு எழுந்து நின்னீங்களே, எனக்கு அது போதும்."

நான் தண்ணீர் குடித்தேன். முழுச் சொம்பும்.

மே 18, திங்கள்

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒத்துவராது என்றால் எனக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். "உங்ககிட்ட மறைக்கறாங்க. பிரஷரோ சர்க்கரையோ இருக்கு" என்கிறாள். சமையலில் எனக்கும் உப்பைக் குறைத்துவிட்டாள். காலையில் என்னைப் பூங்காவுக்கு அனுப்புகிறாள். மூன்று சுற்று, எண்ணிக்கொண்டு வர வேண்டும். கழுத்தில் குழாயோடு ஜன்னலில் நின்று, நான் கையை வீசி நடக்கிறேனா என்று பார்க்கிறாள்.

உப்பில்லாத சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டேன். வேறென்ன செய்வது.

மே 23, சனி

பதிப்பாளர் வந்தார். கட்டிப்பிடித்துக்கொண்டார். முன்னுரையில் ஒரு வரியை மட்டும் மாற்றினாராம். 'கொடுத்தவர்' என்பது 'கொடுக்கத் துணிந்தவர்' ஆகியிருக்கிறது. "இது அதைவிட உருக்கமா இருக்கு சார்" என்றார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தேன். ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. போட்டேன்.

ஜூன் 1, திங்கள்

இயந்திரத்தில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கி நினைவு தப்பிவிட்டது அவளுக்கு. மூன்று நிமிடம். நாற்காலியின் தலைப்பக்கத்தைக் கீழே சாய்த்துக் கன்னத்தில் தட்டினார்கள். நான் ஓரமாக நின்றேன். எனக்கு ஒத்துவராதே.

ஜூன் 7, ஞாயிறு

மகள் வந்தாள். தனியாக. கையில் ஒரு உறை.

"அப்பா, நீங்க சத்தம் போடக்கூடாது" என்று ஆரம்பித்தாள். பத்து நாளாக யாருக்கும் தெரியாமல் பரிசோதனைக்குப் போயிருக்கிறாள். எல்லாம் பொருந்திவிட்டது. ஆலோசகர் அம்மாளையும் பார்த்தாயிற்று. அடுத்த மாதம் தேதி கொடுப்பார்களாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு வயது. கல்யாணமாகி எட்டு மாதம். வரைபட அலுவலகத்தில் போன மாதம்தான் வேலை நிரந்தரமாயிற்று.

"முடியாது. அதெல்லாம் முடியாது" என்று கத்தினேன். சத்தம் போடக்கூடாது என்று சொல்லியும் கத்தினேன்.

"ஏன்ப்பா முடியாது? உங்களால முடிஞ்சா நீங்க கொடுத்திருப்பீங்க. உங்க உடம்பு ஒத்துழைக்கல. எனக்கு ஒத்துழைக்குது. இதுல என்ன இருக்கு?"

மனைவியும் மாட்டவே மாட்டேன் என்றாள். ஒரு மணி நேரம் அம்மாவும் பெண்ணும் மாறி மாறிக் கத்தினார்கள், அழுதார்கள். பிடிவாதத்தில் மகள் அப்படியே அம்மா. கடைசியில் மனைவி சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். "உங்கப்பாவுக்கு மட்டும் முடிஞ்சிருந்தா உன்னை இந்தக் கதிக்கு விட்டிருப்பாரா?" என்றாள். மகள் என் தோளில் சாய்ந்து, "அப்பாவை விடும்மா, பாவம்" என்றாள்.

பாவம்.

நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்?

ஜூன் 8, திங்கள்

விடுப்புப் போட்டுவிட்டு ஆலோசகர் அம்மாளிடம் போனேன். அதே நாற்காலி. என் மகளும் இதில்தான் உட்கார்ந்திருப்பாள் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

"அவ என்ன சொன்னா?" என்றேன்.

"நீங்க சொன்னதை நான் அவங்ககிட்ட சொல்லல சார். அவங்க சொன்னதையும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

நான் கொடுக்கிறேன், மகளை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் அவசரப்படவில்லை. மறுபடியும் பரிசோதனை, மறுபடியும் பேச்சு, கொஞ்சம் நாள் என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அப்புறம் கேட்டேன் (இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்): "வீட்டுல, முன்னாடி இருந்த கோளாறு இப்ப சரியாயிடுச்சுன்னு நீங்களே சொல்லிட முடியுமா?"

முதல் தடவையாக அந்த முகத்தில் ஒரு மாற்றம் பார்த்தேன். கோபம் இல்லை. களைப்பு.

"ஒத்துவராதுன்னு சொல்றது எங்க வேலை சார். பயந்தவங்களுக்கு ஒரு மறைப்பு வேணும், அதுக்காக. ஒத்துவந்துடுச்சுன்னு சொல்றது உங்க வேலை. அதுக்கு எங்களைக் கூப்பிடாதீங்க."

பேருந்தில் வரும்போது உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். சிறுநீரகத்தைக் கொடுத்துவிடலாம். இப்போது அது பெரிதாகவே தெரியவில்லை. வீட்டில் எல்லார் முன்னாலும் போய் நின்று, நீங்க நினைக்கிற ஆள் நான் இல்லை என்று சொல்வதுதான், அதுதான் முடியவில்லை. அவள் என் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாளே, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதினோரு வருடமாக நாற்பத்தேழாம் பாட்டுக்கு உரை எழுதுகிறேன், ஆணவம், 'நான்' என்னும் திரை என்று பக்கம் பக்கமாக. மடியில் இருந்தது என்ன என்று இன்றுதான் தெரிந்தது. நல்ல புருஷன் என்கிற பெயர். அதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றுதான் நான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 10, புதன்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடி சொன்னேன். எனக்குக் கோளாறு ஒன்றும் இல்லை, நான்தான் மாட்டேன் என்றேன், அவர்களைப் பொய் சொல்ல வைத்தேன். மூன்று வரி. நேற்று முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்து தயாரித்த வரிகள். சொல்லும்போது எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தன.

முதலில் சிரித்தாள். பொண்ணைக் காப்பாத்தக் கதை கட்டுகிறேன் என்று நினைத்தாள். "போதுங்க, நடிக்கத் தெரியல உங்களுக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த சட்டை கீழே விழுந்தது.

"எப்போ?"

"அந்த அறைக்குள்ள. நீங்க ரெண்டு பேரும் வெளிய இருந்தப்ப."

"உப்பில்லாம சாப்பிட்டீங்களே?"

கீழே விழுந்த சட்டையைக் குனிந்து எடுத்தேன்.

"உங்களுக்கு ஏதோ வியாதின்னு நான்... ஜன்னல்ல நின்னு... நீங்க மூணு சுத்து நடந்தீங்களே!" குரல் உடைந்துவிட்டது. "நான் உங்களைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே, அப்போ நீங்க என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?"

"தண்ணி குடிச்சிட்டிருந்தேன்."

அவள் என்னை அடித்திருந்தால் தேவலை. மைதானத்தில் நூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் நிறுத்தும் கண். அந்தக் கண்ணால் என்னைப் பார்க்கவே இல்லை. துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். என் சட்டைகளையும் மடித்தாள், தனியாக வைத்தாள்.

ஜூன் 12, வெள்ளி

பேச்சில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறது.

ஜூன் 14, ஞாயிறு

காலையில் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னாள். மூன்று நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன், அதனால் அப்படியே:

"நீங்க எனக்காகக் கொடுக்கல. எனக்காகன்னா அன்னிக்கே கொடுத்திருப்பீங்க. இப்ப பொண்ணுக்காகக் கொடுக்கறீங்க. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வேண்டாம்னு மூஞ்சியில எறியணும்னுதான் தோணுது. ஆனா வாங்கிக்கறேன். எனக்கு வாழணுங்க. எனக்கு இன்னும் ஓடணும். பொண்ணு மேல கத்தி படக்கூடாது. அதனால வாங்கிக்கறேன். மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"சரி" என்றேன்.

"பொண்ணுகிட்ட நீங்களே சொல்லணும். மாப்பிள்ளை முன்னாடி. அந்தப் பதிப்பாளர்கிட்டயும்."

திட்டுவாள், அழுவாள், இல்லையென்றால் மன்னிப்பாள் என்று மூன்றுக்கும் தயாராக இருந்தேன். என் உடம்பை வாங்கிக்கொண்டு என்னை வேண்டாம் என்பாள் என்று நினைத்ததே இல்லை. அவள் சொன்னதில் ஒரு சொல் கூடத் தப்பில்லை.

ஜூன் 16, செவ்வாய்

மகளிடம் சொன்னேன். மாப்பிள்ளை எழுந்து உள்ளே போய்விட்டான். மகள் வெகுநேரம் கை நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள். "தினம் அழுதேன். பயந்தா கொடுக்க முடியாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான். பயமில்லாதவன்தான் காதலன் என்று மேடையில் அடித்து விட்டதெல்லாம் நான்தான்.

ஜூன் 22, திங்கள்

பதிப்பாளரிடம் சொன்னேன். முன்னுரையில் அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னேன். "அச்சுக்குப் போற நேரத்துல இப்படிச் சொல்றீங்களே சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பரவாயில்ல சார், மனுஷன்தானே" என்றார். புத்தகக் கூட்டத்தில் பேச வேறு ஆள் பார்க்கிறாராம். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

ஜூலை 20, திங்கள்

நாளைக்கு அறுவை. சேர்த்துவிட்டார்கள். பரிசோதனை எல்லாம் புதிதாகச் செய்தார்கள். எனக்குப் பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை, ஒன்றும் இல்லை. இவ்வளவு ஆரோக்கியமாக இருப்பதற்கு யாராவது வெட்கப்பட்டிருப்பார்களா?

ஆலோசகர் அம்மாள் வந்தார். "இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம் சார். படுக்கையைத் தள்ளிட்டுப் போற வரைக்கும் சொல்லலாம்."

"தெரியும்மா."

பயம் போகவில்லை. துளிகூடக் குறையவில்லை. கழிவறைக்கு ஆறாவது தடவை போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன். மனைவி அடுத்த அறையில். முகக்கவசம் போட்ட நர்ஸ் வந்து, "அம்மா உங்களைச் சாப்பிட்டாச்சான்னு கேக்கச் சொன்னாங்க" என்றாள். அறுவைக்கு முன்னால் சாப்பிடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டிருப்பாள்.

ஜூலை 24, வெள்ளி

இருமினால் உயிர் போகிறது. சிரித்தாலும்.

அன்றைக்குக் கண் விழித்ததும் நர்ஸ் ஓடி வந்து, அம்மாவுக்குச் சிறுநீர் வந்துவிட்டது, அறுவை மேஜையிலேயே வந்துவிட்டது, டாக்டரெல்லாம் கை தட்டினார்கள் என்றாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் தையல் வலிக்கும் என்று அழுகையை நிறுத்தச் சொன்னாள்.

ஆகஸ்ட் 12, புதன்

அவள் மகள் வீட்டில். தொற்று வரக்கூடாது, தனி அறை வேண்டும், அங்கேதான் இருக்கிறது. எல்லாம் நியாயமான காரணங்கள். நான் இங்கே. மாலையில் போன் செய்கிறாள். "தையல் காஞ்சுடுச்சா? கனமா எதுவும் தூக்காதீங்க. வச்சுடட்டுமா?" மூன்று வாக்கியம். அவ்வளவு மரியாதையாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. நீதிமன்றத்தில் எதிர்க்கட்சி வக்கீல்கூட இதைவிட நெருக்கமாகப் பேசுவார்.

புத்தகம் வந்துவிட்டது. ஒரு பிரதியைப் பிரிக்காமல் மேஜை மேல் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 3, வியாழன்

யாருக்கும் தெரியாத ஒன்று: விரலால் அந்தத் தழும்பைத் தடவும்போது, அவளுக்கு நான் கொடுத்தேன் என்று ஒரு கணம் பெருமை வருகிறது. உடனே, யாருக்காகக் கொடுத்தாய் என்று அவள் குரல் கேட்கிறது. இப்படியே தினமும். வருகிறது, போகிறது. ஒரு நாள் வராமல் இருக்குமோ என்னவோ.

நவம்பர் 9, திங்கள்

இன்று அவளுக்குப் பரிசோதனை நாள். கூட நானும் போனேன். போன வாரம் அவள் வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து எங்கும் சேர்ந்து போனதில்லை.

டயாலிசிஸ் கூடத்துக்கு வெளியே உள்ள பெஞ்சில் காத்திருந்தோம். ஆலோசகர் அம்மாளின் கதவு திறந்து ஒரு மனிதர் வெளியே வந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது. தம்பிக்குக் கொடுக்கப் போகிறாராம். தம்பியின் மனைவி எழுந்து ஓடி, "என்ன சொன்னாங்க அண்ணா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். "முடிவு பிறகு சொல்வாங்களாம்" என்றார். எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். அது எங்கிருந்து வருகிறது என்பதுகூடத் தெரியும். நான் தரையைப் பார்த்தேன்.

மனைவியும் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண் தண்ணீர் பிடிக்க நகர்ந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"போய்ப் பேசுங்க."

"நான் என்னத்தப் பேசறது?"

"நடந்ததைப் பேசுங்க. உங்களைவிட யாருக்கு அது தெரியும்?" குரலைத் தணிக்கவில்லை, அவளுக்குத் தணிக்க வராது. பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "கொடுக்கச் சொல்லிப் பேச வேண்டாம். கொடுக்காதேன்னும் வேண்டாம். பக்கத்துல போய் உக்காருங்க, போதும்."

முகம் சுட்டது. எழுந்து போய் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று ஒன்றும் தயாராக இல்லை.

"நானும் அந்த அறைக்குள்ள மாட்டேன்னுதான் சொன்னேன்" என்றேன்.

அந்த மனிதர் விக்கித்துப்போய் என்னைப் பார்த்தார். "பயமா சார்?" என்றார்.

"பயம்தான். இப்பவும்தான்."

"அப்புறம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் குடித்தது வரைக்கும். அவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு கேட்டார். தாழ்வாரத்தின் கோடியில் மனைவி எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று, ஷூவோடு எடை போடக்கூடாது என்ற நர்ஸுடன் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகச் சதை பிடித்திருக்கிறாள். அவளைத்தான் இவரும் பார்த்தார்.

"அவங்க உங்களை மன்னிச்சுட்டாங்களா சார்?"

"நான் கேக்கல" என்றேன்.